அதே நிறம், அதே கசப்பு

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது எப்போதும் என் வேலைதான். கல்யாணமான புதிதிலேயே பேசி முடிவு செய்துகொண்டோம்: சமையல் அவள், கழுவல் நான். விருந்தாளி யாராவது என்னை சிங்க் பக்கம் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டால், "ஆராய்ச்சி பண்றவர், அழுக்கு எங்க இருக்குன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்பாள் என் மனைவி. எனக்கு அந்த வேலை பிடிக்கும். வெந்நீர், நுரை, கவிழ்த்து வைத்த தட்டுகள். நாள் முழுக்க எதுவும் உருப்படியாக நடக்காவிட்டாலும் இது ஒன்று ஒழுங்காக முடிந்தது என்று துண்டில் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்பது அந்த சிங்க்தான். ஆனால் அதற்கும் முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். எனக்கு ஆத்திரம் வருவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் வலியை ஆராய்கிறவன். புற்றுநோய் முற்றியவர்களின் வலி. என் அம்மா அந்த நோயில்தான் போனாள். கடைசி வாரங்களில் அவளுக்கு மார்பின் கொடுத்தார்கள். வலி போயிற்று, கூடவே அம்மாவும் போய்விட்டாள். கண்ணைப் பாதி மூடியபடி படுத்திருப்பாள். ஒரு நாள் மாலை நான் கையைப் பிடித்ததும் மெல்லத் திரும்பி, "குழாய் ரிப்பேருக்கு வந்தவரா தம்பி? பின்பக்கமாப் போங்க" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. வேறு யார் வீட்டுக் கதையாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அன்றிலிருந்து ஒரே வேலை. வலி போக வேண்டும், ஆள் போகக் கூடாது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று. இடுப்பில் உள்ளங்கை அளவு பம்ப். அதிலிருந்து நான் உண்டாக்கிய மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். வலியைக் கொண்டுபோகும் நரம்பை மட்டும் அது தணிக்கும். மூளையைத் தொடாது. நோயாளி விழித்திருப்பார், பேசுவார், பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்வார். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகிறது. செய்ய என் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது.

ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு நோயாளியையும் நானே பார்த்தேன். உதவியாளர்களிடம் விட்டதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பத்துக்கு இன்று வலி எத்தனை என்று நானே கேட்பேன். மூன்று, இரண்டு, ஒன்று. எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அந்தக் கட்டில் ஓரங்களில் நான் செலவழித்த நேரத்தைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

இதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி கீழே, வலி வார்டைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் என் நண்பன். விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை கிடையாது. அந்தக் காலத்திலேயே ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தேன், சுருங்கி ஒட்டடை ஆகிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். என் மனைவிக்கு அவன் அண்ணன், என் மகளுக்கு மாமா. அவனுக்கு என் பம்பில் பெரிய நம்பிக்கை கிடையாது. "உங்கம்மாவுக்கு அளவு தெரியாம ஊத்தியிருக்காங்கடா. அதுக்கு மருந்து என்ன பண்ணும்?" என்பான். மார்பினைச் சரியாகக் கொடுத்தால் யாரும் மயங்கிக் கிடக்க மாட்டார்கள் என்பது அவன் கட்சி. இருபது வருஷமாக இதைப் பற்றிச் சண்டை போட்டோம். சண்டை முடிந்ததும் ஒன்றாக டீ குடித்தோம்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே முதுகெலும்புக்குப் போயிருந்தது. ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கி, வரைபடம் பார்ப்பது போல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "தெற்கு வரைக்கும் வந்தாச்சா" என்றாள். பிறகு வீட்டுக்கு வருகிற வழியில், காருக்குள், அவளேதான் கேட்டாள்.

"உங்க மெஷினை எனக்குப் போடுவீங்கல்ல, ஆராய்ச்சி சார்?"

சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்க விதியில் இடம் இல்லை. நானும் சேர்க்கவில்லை; அதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். சிறப்பு அனுமதி வாங்கி, ஆய்வுக்கு வெளியே, சாதாரண நோயாளியாகவே அவளுக்குப் பம்ப் பொருத்தினோம். ஒட்டடையும் கையெழுத்துப் போட்டான். முதல் வாரம் முடிவதற்குள் அவளுடைய எண் ஏழிலிருந்து இரண்டுக்கு வந்தது. தினமும் காலையில் காபியோடு போவேன். "எத்தனை?" "ரெண்டு." சில நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்றரைன்னு வெச்சுக்கங்க" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் வலி மருத்துவர்களின் மாநாடு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. நான் பேசி முடித்ததும் மகள் அவளை வீல்சேரில் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளாகத்தான் வருகிறேன் என்றாள். மைக்கைப் பிடித்து, "நான் நல்லா முழிச்சிருக்கேன். என் பொண்ணு சொல்ற பொய்யக்கூடக் கண்டுபிடிக்கறேன். அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் ஒட்டடையின் தலை மட்டும் எல்லோருக்கும் மேலே தெரிந்தது. அவனும் தட்டினான். என் வாழ்க்கையில் அதுபோல் ஒரு பகல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதையும் சேர்த்து என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது சிங்க்குக்கு வருகிறேன்.

மாநாடு முடிந்து சில வாரங்கள் கழித்து, கழுவப் போட்ட பாத்திரங்களில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி கிடந்தது. இருமல் மருந்து அளந்து குடிக்க பாட்டிலோடு வருமே, அது. பிசுபிசுவென்று இருந்தது. கழுவி வைத்தேன். மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாளும். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் அதோடு வேலை பார்த்திருக்கிறேன். சர்க்கரைப் பாகு போட்டு மூடினாலும் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாட்டில் அவளுடைய அலமாரியில், மடித்து வைத்த கம்பளிகளுக்குப் பின்னால் இருந்தது. வெளியே இருமல் மருந்தின் ஒட்டுச்சீட்டு. உள்ளே மார்பின்.

நான் அவசரப்படவில்லை. ஏதோ ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டு வாங்கியிருப்பாள், தானாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன். காலையில் எத்தனை என்று கேட்டேன். ரெண்டு என்றாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு கருவி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தொட்டில் பக்கத்தில் ஒன்று, அம்மாவின் பக்கத்தில் ஒன்று. குழந்தை சிணுங்கினால் இங்கே கேட்கும். அம்மா கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று மகள்தான் அதை வாங்கி வந்தாள். ஒன்று அவள் கட்டில் தலைமாட்டில், மற்றது சமையலறை ஜன்னலில். ஆள் கூட இருக்கும்போது ஜன்னலில் இருப்பதை அணைத்துவிடுவோம். அன்று சாயங்காலம் ஒட்டடை வந்திருந்தான். மகளும் உள்ளே இருந்தாள். அணைக்க மறந்துபோயிற்று. நான் தட்டுகளுக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒட்டடையின் குரல்தான் முதலில் கேட்டது. "எத்தனை நாளைக்கு மறைக்கறது தங்கச்சி? அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கூசுது."

"நான் இருக்கற வரைக்கும்தானேண்ணா. எவ்வளவு நாள் இருந்துடப்போறேன்?" என்றாள் என் மனைவி. "அது வேலை செய்யலைன்னு என் வாயால எப்படிச் சொல்றது? அவருக்கு அதை விட்டா வேற என்ன இருக்கு?"

அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோய்விடுவார் என்று மகள் சொன்னாள். என் மகள். பாட்டிலை எங்கே வைத்திருக்கிறாய், அவன் கண்ணில் பட்டுவிடாதா என்று ஒட்டடை கேட்டான். அதற்கு என் மனைவி, "பூகோளம் படிச்சதுக்கு இப்பத்தான்ணா உபயோகம். எதை எங்க ஒளிக்கணும்னு தெரியுது" என்றாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அடக்கித்தான் சிரித்தார்கள், நான் அடுத்த அறையில் இருக்கிறேன் என்பதால்.

நான் மிச்சத் தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்தேன். துண்டைக் காயப் போட்டேன். ஒட்டடை கிளம்பும்போது வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மூன்று பேர் சேர்ந்து ஒருவனுக்குக் காது குத்துவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. யாரோ மூன்று பேர் இல்லை. உலகத்தில் எனக்கென்று இருந்ததே அந்த மூன்று பேர்தான். அந்தக் காலைகள், அந்த ரெண்டு, அந்த ஒன்றரை, மேடையில் அவள் பிடித்த மைக், பின்வரிசையில் அவன் தட்டிய கை, எல்லாமே எனக்காகப் போட்ட நாடகம். அறிவு கொஞ்சம் மட்டமான பிள்ளைக்கு, நீதான் வகுப்பில் முதல் என்று சொல்லி வைப்பார்களே, அப்படி. வேறு எதைச் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டார்கள்.

இருந்தாலும் நான் நியாயமாக யோசித்தேன். அவள் இரண்டையும் எடுத்துக்கொள்கிறாள், என் பம்பையும் அவன் மருந்தையும். எது வலியைக் குறைக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத்தான் எப்படித் தெரியும்? பம்ப் வேலை செய்யவில்லை என்பது அவர்களுடைய அபிப்பிராயம். அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். நோயாளிக்கு அது தெரியக் கூடாது. முதலாண்டு மாணவனுக்கும் இது தெரியும்.

பல வருஷங்களுக்கு முன் ஆரோக்கியமானவர்களை வைத்து வேறொரு ஆய்வு நடத்தினோம். அதற்காக மார்பின் திரவத்தைப் போலவே ஒரு போலி மருந்து தயாரித்தேன். அதே நிறம், அதே கசப்பு. குடித்துப் பார்த்த ஒருவராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பக்குவம் எனக்கு மனப்பாடம். ஒரு மதியம் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது தயாரித்தேன்.

திடீரென்று மாற்றவில்லை. மார்பினை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வயிற்றைப் புரட்டும். அவளை அப்படிப் பாடுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் குளியலறையில் இருக்கும் நேரம் பார்த்து, பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த அளவுக்கு என்னுடையதை ஊற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். பத்துப் பதினைந்து நாளில் பாட்டில் முழுக்க என்னுடையதாக இருந்தது. எடுத்ததை எல்லாம் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜில் மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. உங்கள் ஆட்கள் அளந்து பார்க்கலாம்.

நான் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று. ஒன்று, வித்தியாசமே தெரியாமல் அவள் நன்றாக இருப்பாள். அப்படியென்றால் என் பம்ப் ஜெயித்தது, அவர்கள் மூன்று பேரும் வெட்கப்பட வேண்டும். அல்லது வலி வரும், என்னிடம் வந்து உண்மையைச் சொல்வாள். சொன்ன அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்குக் கெடுதல் இல்லை.

அவள் மூன்றாவது ஒன்றைச் செய்தாள். காலையில் காபியோடு போய் எத்தனை என்று கேட்டேன். ரெண்டு என்றாள்.

முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. போர்வைக்கு அடியில் கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. தூக்கம் சரியில்லையா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கனவு, பையன்கள் ரொம்பச் சத்தம் போட்டார்கள் என்றாள். மறுநாளும் ரெண்டு. அதற்கு அடுத்த நாளும்.

அதன் பிறகுதான் ஜன்னலில் இருந்த கருவியை எப்போதும் திறந்தே வைத்தேன். நான் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, சமையலறைக்கு வருவதற்குள் ஆரம்பிக்கும். அலறல் இல்லை. தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு முனகுவாள். மூச்சை எண்ணுவாள். சில நாள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவாள், நதிகள், மலைகள், கடல்கள், வகுப்பில் பிள்ளைகளைச் சொல்ல வைப்பாளே, அந்த வரிசையில். நடுவில் குரல் உடையும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் நின்றுவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சார், பாத்திரம் எல்லாம் பளபளன்னு ஆயிடுச்சா?" என்பாள்.

நான் ஒரு முறைகூட அந்தக் கருவியை அணைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு டிவி பார்த்திருக்கலாம். வேறொருவன் அதைத்தான் செய்திருப்பான். நான் அவளோடேயே இருந்தேன்.

அவள் ஒட்டடையிடம் மருந்து போதவில்லை என்று சொன்னாள். அவன் அளவைக் கூட்டினான். புது பாட்டில் வந்தது, நான் மாற்றினேன். இன்னும் கூட்டினான். அதையும் மாற்றினேன். நோய் எலும்பை வேகமாகத் தின்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். வார்டில் வந்து படுத்துக்கொள், ஊசியில் போடுகிறேன் என்று கெஞ்சினான். வார்டுக்குப் போனால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவள் மறுத்துவிட்டாள். இதையெல்லாம் நான் ஜன்னல் ஓரத்தில் நின்று கேட்டேன்.

கடைசியில் அவன் என் அறைக்கே வந்தான். உட்காரவில்லை.

"டேய், அவளுக்கு வலிக்குதுடா. பம்பு பத்தல. கூட மார்பினும் சேத்துக் குடுப்போம்."

அவ ரெண்டுன்னு சொல்றாளே என்றேன்.

"சொல்றா. சொல்றத விடு. ஆளப் பாரு."

"நோயாளி என்ன சொல்றாங்களோ அதை நம்பு, நீயா ஒண்ண நினைச்சுக்காதேன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதானே?" என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். நான் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து மூடிக்கொண்டான். நான் அவனுக்கு நேரம் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை. அவன் போய்விட்டான். என்னைவிட அந்த ரகசியம் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

மகளும் வந்தாள். அம்மாவை ஒரு தடவை நன்றாகப் பாருங்கப்பா என்று மட்டும் சொன்னாள். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை.

ஒரு பிற்பகல் அவள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அப்போதே பாதியாகியிருந்தாள். கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

என் சட்டைப் பையில் நிஜ மருந்து இருந்தது. சில நாளாகவே அதைக் கூடவே வைத்திருந்தேன், எந்த நேரமும் அவள் சொல்லக்கூடும் என்று. கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு என்றேன்.

"இந்த மெஷின எல்லாருக்கும் போடப்போறீங்களா?"

ஆமாம், மற்ற ஆஸ்பத்திரிகளிலும் கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். வலி ஒரு அலை வந்து போனது. அது போகும் வரை காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

"போடறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே போட்டுக்கிட்டவங்ககிட்ட வலி எத்தனைன்னு நீங்க கேக்காதீங்க. வேற யாரையாவது விட்டுக் கேக்கச் சொல்லுங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, பாவமா அப்படி மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கேட்டா, யாருக்குங்க நெஜத்தச் சொல்ல மனசு வரும்?"

அவ்வளவுதான் சொன்னாள். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணனைப் பற்றி இல்லை. மூன்று பேர் சேர்ந்து சிரித்ததைப் பற்றி இல்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நான் உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்கு வேலை இருக்கும், போங்க" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். பையில் இருந்தது பையிலேயே இருந்தது. நான் கதவைச் சாத்தியதும் நதிகள் ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. கடைசி நாட்களில் ஊர்ப் பெயர்கள் நின்றுவிட்டன. கருவியில் என்னைக் கூப்பிடுவது கேட்டது. வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. வலிக்கிறவர்கள் அம்மா என்பார்களே, அந்த மாதிரி, தலையணைக்குள், என்னை. நான் போனபோதெல்லாம் நிறுத்திக்கொண்டாள். ஒரு காலை, ரெண்டு என்று சொல்ல வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு விரலைக் காட்டினாள். அன்று மாலை போய்விட்டாள். கடைசி வரை தெளிவாக இருந்தாள். என்னை யாரென்று தெரிந்தது. அதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீதி உங்களுக்குத் தெரியும். மிச்ச மருந்தை ஒட்டடை எடுத்துக்கொண்டு போனான். அவன் கொடுத்திருந்த அளவுக்கு ஆள் அசையாமல் தூங்கியிருக்க வேண்டும், இவள் எப்படி விழித்திருந்தாள் என்பது அவனை அரித்திருக்கிறது. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறான். உள்ளே மார்பின் இல்லை என்று முடிவு வந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

அந்த நெட்டை மனிதன் என் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதான். எல்லாவற்றையும் சொன்னான், முதல் பாட்டிலிலிருந்து. "உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்டா. அதுகூடப் பரவால்ல. மருந்துன்னு சொல்லித் தண்ணியக் குடுத்திருக்கேன். எவனோ நடுவுல திருடியிருக்கான், நான் பாக்கல. அவ துடிச்சுத் துடிச்சுச் செத்தாடா, என்னால."

இத்தனை மாதமாக நான் காத்திருந்த வார்த்தைகள் அவை. ஆள்தான் மாறிப்போயிற்று. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவன் போகும்போது டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன், குடிக்கவில்லை. மறுநாள் அவனே உங்களிடம் வந்து தன் மேலேயே புகார் கொடுத்தான்.

பாட்டிலில் இருந்த கசப்பு எங்கள் ஆய்வுக்கூடத்தைத் தவிர வேறெங்கும் கிடைக்காதது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்கிறீர்கள். சரிதான். என் மனைவி குடித்ததைத் தயாரித்தது நான். மாற்றியது நான். அவளுக்கு வலித்தது எனக்குத் தெரியும், முதல் நாளிலிருந்து தெரியும். ஒட்டடை நல்லவன்; அவனை விட்டுவிடுங்கள்.

மற்ற நோயாளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் சொன்னது ஒரே ஒரு நோயாளியின் கருத்து. அதை வைத்து ஒரு ஆய்வின் முடிவை மாற்ற முடியாது. எண்களை நான் வாங்கியபடியே அனுப்பிவிட்டேன். பம்புகள் போய்ச் சேர ஆரம்பித்திருக்கும்.

மகளிடம் நேற்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஒன்றுதான் கேட்டாள். "அம்மா முனகறத நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களாப்பா?" தினமும், ஒரு நாள் விடாமல் என்றேன். அம்மா தனியாக இருக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் சொன்னதில் எதையும் குறைக்க வேண்டாம், எனக்காக மென்மையாக்கவும் வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் ஏமாற்றப்பட்டது நான்.